பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் ஆல்பா கோர்ஸ்: யாருக்கு எடுபடும், எந்த வாரத்தில் முட்டும்

கிறிஸ்தவ விசுவாசத்தைச் சாப்பாடு, பேச்சு, கலந்துரையாடலோடு அறிமுகப்படுத்தும் வாராந்திரக் கூட்டத் தொடர்தான் ஆல்பா கோர்ஸ். இதைப் பற்றி இரண்டு தரப்பினர் விசாரிக்கிறார்கள். 'ஆபீஸ்ல ஒருத்தர் கூப்பிட்டார், போகலாமா?' என்று கேட்பவர்கள் ஒரு தரப்பு. 'நம்ம சபையில ஆரம்பிச்சா ஓடுமா?' என்று கேட்கும் போதகர்களும் கமிட்டிக்காரர்களும் இன்னொரு தரப்பு. இந்த விமர்சனம் இருவருக்கும்தான். மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம். நடத்தும் முறைக்கு 5-க்கு 4, பாடத்தின் வரிசைக்கு 5-க்கு 2.

நல்ல சாப்பாடு, சிறிய வட்டம், யார் என்ன சொன்னாலும் மடக்காமல் கேட்கும் ஒழுங்கு ஆகியவை இதன் பலம். நம் ஊர்க் கூட்டங்களில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். பாடத்தை அடுக்கியவர்களோ 'கடவுள் என்று ஒருவர் இருக்கிறாரா?' என்ற சந்தேகத்தோடு வரும் லண்டன்காரரை மனதில் வைத்து அடுக்கியிருக்கிறார்கள். அல்சூரிலிருந்தும் ஆஸ்டின் டவுனிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் வரும் தமிழருக்குப் பெரும்பாலும் அந்தச் சந்தேகமே கிடையாது. அவர் கொண்டுவரும் கேள்வி வேறு. கடைசி வாரம் வரை அந்தக் கேள்வி மேசைக்கே வராமல் போகலாம். அவரும் நன்றி சொல்லிவிட்டு, வந்த மாதிரியே திரும்பிப் போவார்.

கோர்ஸின் அமைப்பு

1977-ல் லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் என்ற ஆங்கிலிக்கன் சபையில், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கான வகுப்பாகத் தொடங்கியது இது. 1990-ல் பொறுப்பேற்ற நிக்கி கம்பெல் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கானதாக இதை மாற்றினார். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று எல்லாப் பிரிவினரும் நடத்துகிறார்கள். கட்டணம் இல்லை. வாரம் ஒரு சந்திப்பு, ஏறக்குறைய 2 மணி நேரம். முதலில் சாப்பாடு, அப்புறம் 25 முதல் 30 நிமிடம் பேச்சு, பிறகு வட்டமாக உட்கார்ந்து கலந்துரையாடல். பேச்சை நேரடியாகவும் நிகழ்த்தலாம், 2016-ல் வந்த வீடியோ தொடரையும் போடலாம். நடுவில் ஒரு நாளோ ஒரு வார இறுதியோ எங்காவது கூடி, பரிசுத்த ஆவியைப் பற்றிய பேச்சுகளை அங்கே முடிப்பார்கள். எல்லாம் சேர்ந்து 10, 11 வாரம்.

தமிழ்க் குழுவுக்கு வீடியோ வேண்டாம். ஆங்கிலத்தில் ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்தி மொழிபெயர்த்தால் 28 நிமிடப் பேச்சு 50 நிமிடமாக நீளும், கலந்துரையாடலுக்கு 15 நிமிடம்கூட மிஞ்சாது. இந்தக் கோர்ஸின் உயிரே அந்தக் கலந்துரையாடல்தான். 20 நிமிட நேரடிப் பேச்சு போதும். பேசுபவர் சபைத் தமிழைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் பேசுவதுபோல் பேச வேண்டும்.

வட்டத்துக்கு 12 பேருக்கு மேல் கூடாது. 8 விருந்தினர், 2 நடத்துநர், 2 உதவியாளர் என்பது சரியான கணக்கு. உதவியாளர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கென்றே இருப்பவர். பெரும்பாலான சபைகள் சறுக்குவது இங்கேதான். ஆல்பாவின் விதிப்படி நடத்துநர் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது. 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று வட்டத்துக்கே திருப்பிவிட வேண்டும். நம் வழக்கமோ நேர் எதிர். போதகர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவராலும் சும்மா இருக்க முடியாது, ஒரு வசனத்தைச் சொல்லி முடித்து வைப்பார். அதோடு விருந்தினர் வாய் மூடிவிடும். ஆகவே போதகர் சாப்பாட்டு நேரத்தில் வந்து நலம் விசாரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவதே உத்தமம். கசப்பான யோசனைதான், ஆனால் வேலை செய்யும்.

வருகிறவர் எந்த உலகத்திலிருந்து வருகிறார்?

ஒரே பேச்சு ஒருவரை அசைக்கும், பக்கத்தில் இருப்பவருக்குக் கொட்டாவி வரவழைக்கும். புத்திசாலித்தனத்துக்கும் பக்திக்கும் இதில் பங்கு குறைவு. உலகம் எப்படி இயங்குகிறது என்று ஒவ்வொருவர் மனதிலும் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கேதான் புதிய செய்தி போய் உட்காரும். காலி இடம் ஆளுக்கு ஆள் வேறு.

பெங்களூரில் அதிகம் பார்க்கக்கூடியவர் வியாழக்கிழமை பக்தர். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழன்தோறும் மெழுகுவத்தி ஏற்றுவார். செப்டம்பர் 8-ல் சிவாஜிநகர் ஆரோக்கிய அன்னை திருவிழாவுக்குப் போவார். வெள்ளிக்கிழமை வீட்டில் அம்மனுக்கு விளக்கேற்றுவார். இயேசு அவருடைய பூஜை அலமாரியில் எப்போதோ வந்து அமர்ந்துவிட்டார். கன்னிப் பிறப்பு, அற்புதம், உயிர்த்தெழுதல் எதுவும் அவருக்கு நெருடாது. முதல் ஐந்து வாரமும் தலையாட்டிக்கொண்டே இருப்பார். கை தூக்கச் சொன்னால் தூக்குவார், ஜெபத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னால் சொல்வார். நடத்துநர் பூரித்துப்போய்ப் போதகரிடம் பெயர் கொடுப்பார். அந்தப் பக்தரின் மனதில் எதுவும் இடம் மாறவில்லை. ஏற்கெனவே கும்பிட்டதைக் கொஞ்சம் கூடுதலாகக் கும்பிடுகிறார், அவ்வளவுதான்.

'இவர் மட்டும்தானா?' என்பதே அவருடைய நிஜமான கேள்வி. பிற மதங்கள் என்ற தலைப்பு ஆல்பாவின் பிரதானப் பேச்சுகளில் தனியாக இல்லை, துணைக் கையேட்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். லண்டனுக்கு அது சரி. பெங்களூரில் மூன்றாம் வாரமே அதை எடுத்துப் போட்டுப் பேசிவிட வேண்டும். இல்லையென்றால் கடைசி வாரம் ஞானஸ்நானம் என்ற பேச்சு வரும்போது 'இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே' என்று கோபப்படுவார். அந்தக் கோபம் நியாயமானது.

அடுத்தவர் பெரியார் வீட்டுப் பிள்ளை. இவரை மேற்கத்திய நாத்திகரின் தமிழ்ப் பதிப்பு என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அங்கே 'ஆதாரம் எங்கே?' என்று கேட்பார்கள். இவர் 'இதுல யாருக்கு லாபம், யாரை மிதிக்குது?' என்று கேட்பார். வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளின் எண்ணிக்கையையும், பழங்கால வரலாற்றாசிரியர்கள் டாசிட்டஸ், ஜோசிபஸ் இயேசுவைப் பற்றி எழுதிய வரிகளையும் அடுக்கினால், 'சரி, அப்படி ஒருத்தர் இருந்திருக்கலாம். வடக்கன்குளத்துல சாதிக்கொரு பக்கம்னு சர்ச்சையே ரெண்டாக் கட்டினீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?' என்பார். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவரும் அவருக்குத் தெரியும். 'சாதி எங்கதான் இல்ல' என்று மழுப்பும் நடத்துநர் அந்த நிமிடமே அவரை இழந்துவிடுகிறார். நடந்ததை ஒப்புக்கொண்டு, தன் சபையின் கமிட்டியிலும் கல்யாணப் பேச்சுகளிலும் இன்றும் என்ன நடக்கிறது என்பதையும் உள்ளபடி சொன்னால், அவர் அடுத்த வாரமும் வருவார். வாதத்தில் தோற்றதால் அல்ல, பொய் சொல்லாதவர்கள் என்று பட்டதால் வருவார்.

ஸ்ரீராமபுரம், ஓக்கலிபுரம் பக்கத்திலிருந்து அம்பேத்கர் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர் வந்தால் இதே கேள்வி இன்னும் கூர்மையாக வரும். அயோத்திதாசர் (1845–1914) தொடங்கிய தமிழ் பௌத்தம் கோலார் தங்கவயல் வரை பரவிய மரபு அவர் பின்னால் நிற்கிறது. சாதியைவிட்டு வெளியேற வழி தேடியவர்கள் முன்பே ஒரு வழியைக் கண்டு நடந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பிரசங்கத்தைவிட இந்த மண்ணின் வரலாறு தெரிந்த நடத்துநர்தான் இங்கே தேவை. இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள். சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் எடுத்தால் பிள்ளையின் கல்லூரி ஒதுக்கீடும் வேலை ஒதுக்கீடும் பாதிக்கப்படும். இதை மறைத்துவிட்டு ஒருவரைத் தண்ணீரில் இறக்குவது அயோக்கியத்தனம்.

மூன்றாவது, வினைக் கணக்கில் வளர்ந்தவர். சைவக் குடும்பமாக இருந்தால் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமும் திருவருளும் காதில் விழுந்தே வளர்ந்திருப்பார். அருள் என்பதை அவருக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-ல் வெளியிட்ட ஜி. யு. போப் 1870-களில் இதே பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியை நடத்தியவர். அவருக்குப் புரிந்தது இன்றைய பல நடத்துநர்களுக்குப் புரியவில்லை. மாணிக்கவாசகரை ஒரு வரிகூடப் படிக்காமல் 'கிருபைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது' என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் எதிரில் இருப்பவர் மரியாதைக்காகத்தான் உட்கார்ந்திருப்பார்.

பிரச்சினை எழுவது 'இயேசு ஏன் இறந்தார்?' என்ற வாரத்தில். நீதிபதியே இறங்கி வந்து குற்றவாளியின் அபராதத்தைக் கட்டுகிறார் என்ற உதாரணம் இந்தத் தலைப்பில் வழக்கமாக வரும். வினைக் கணக்குக்காரருக்கு அது அநியாயமாகப் படும். 'என் வினையை நான்தானே அனுபவிக்கணும்? இன்னொருத்தர் தலையில கட்டினா அது என்ன நியாயம்?' என்று கேட்பார். நீதிமன்றத்தை விட்டுவிட்டு வேண்டுதலுக்கு வாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாய் மண்சோறு சாப்பிடுகிறாள். வீட்டுக்காரருக்காக மனைவி தீ மிதிக்கிறாள். ஒருவர் பாடு இன்னொருவருக்குப் பலிக்கும் என்பது நம் மக்கள் உடம்பால் அறிந்த விஷயம். அங்கிருந்து தொடங்கினால் கேள்வி மாறும்: 'மனுஷன் சாமிக்காக வருத்திக்கிறான், சரி. சாமி மனுஷனுக்காக வருத்திக்குமா?' சிலுவையைப் பற்றி உண்மையிலேயே புதிதாக இருக்கும் கேள்வி இதுதான். ஒரு வட்டம் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்துவிட்டால் அன்றைக்கு நடத்துநருக்கு வேலையே இல்லை.

செய்வினைப் பயத்தோடு வருகிறவர்களைச் சபைகள் கவனிப்பதே இல்லை, அல்லது அளவுக்கு மீறிக் கவனிக்கின்றன. வியாபாரம் படுத்துவிட்டது, யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள், பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டது என்று வருவார்கள். இந்தியாவில் பிறந்து வளர்ந்த மானுடவியலாளர் பால் ஹீபர்ட் 1982-ல் இதைத்தான் எழுதினார். மேற்கத்தியக் கிறிஸ்தவர்கள் மேலே கடவுள், கீழே விஞ்ஞானம் என்று இரண்டு தட்டு மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆவி, முன்னோர், கண்ணேறு என்று மக்கள் அன்றாடம் வாழும் நடுத்தட்டு அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றார். ஆல்பாவில் தீமையை எதிர்ப்பது பற்றி ஒரு வாரமும் குணமாக்குதல் பற்றி ஒரு வாரமும் உண்டு, ஆனால் இரண்டும் கடைசிப் பக்கம் வருகின்றன. அதுவரை இவர் காத்திருக்கமாட்டார். எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொடுக்கும் இன்னொருவர் இரண்டே நாளில் கிடைப்பார். இரண்டாம் வாரமே அவருக்காக ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, சரி என்றால் மட்டும் சுருக்கமாக ஜெபியுங்கள். 'அடுத்த மாசத்துக்குள்ள சரியாயிடும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சரியாகாவிட்டால் உங்கள் கடவுள் சக்தி குறைந்தவர் என்று அவர் கணக்கில் எழுதிக்கொள்வார். சரியானால், வேலை முடிந்தது என்று போய்விடுவார். இரண்டுமே நஷ்டம்.

ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி ஐ.டி. கூட்டத்துக்கு வேறு கணக்கு. தியானம் செய்வார்கள், விபாசனாவுக்கு ஒரு தடவை போயிருப்பார்கள், எல்லா நதியும் ஒரே கடலுக்குத்தான் என்பார்கள். அனுபவம் என்றால் ஆர்வமாக வருவார்கள், கோட்பாடு என்றால் நழுவுவார்கள். ஜெபத்தில் மனம் உருகினால் அதைப் 'பாசிட்டிவ் எனர்ஜி' கணக்கில் போட்டுக்கொள்வார்கள். பெரியார் வீட்டுப் பிள்ளைக்கு எடுபடாத அந்த ஆதாரப் பேச்சு இவர்களுக்கு வேலை செய்கிறது. பொந்தியு பிலாத்து என்ற ரோமானிய அதிகாரியின் காலத்தில், எருசலேமில், ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை நடந்த விஷயம் என்று சொல்லும்போது அது மனநிலையைப் பற்றிய பேச்சாக இல்லாமல் போகிறது. நடந்ததா, நடக்கவில்லையா என்று ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு அது கொஞ்சம் சங்கடம்தான், நல்ல சங்கடம்.

கோர்ஸ் அப்படியே அச்சாகப் பொருந்துவது நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவர்களுக்கு. சபை சலித்துப்போய், பண்டிகைக்கு மட்டும் போகிறவர்கள். லண்டன்காரரின் நிலைமைக்கு மிக அருகில் இருப்பவர்கள் இவர்கள்தான். மற்றவர்களோடு இவர்களைக் கலக்காதீர்கள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு வரும். பக்கத்தில் இருக்கும் வியாழக்கிழமை அக்கா 'எனக்கு இவ்வளவெல்லாம் தெரியாதுப்பா' என்று ஒதுங்கிவிடுவார். இவர்களுக்குத் தனி வட்டம் போடுங்கள்.

இரண்டாம் வாரம் என்ற பள்ளம்

'இயேசு யார்?' என்ற இரண்டாம் பேச்சில் ஒரு புகழ்பெற்ற வாதம் வரும். தன்னைக் கடவுள் என்று சொன்னவர் பொய்யராக இருக்க வேண்டும், அல்லது பைத்தியமாக இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். கம்பெல் பாரிஸ்டராக இருந்தவர். வாதம் கச்சிதமாக இருக்கும். மனிதனும் கடவுளும் கலக்கவே முடியாது என்று நம்புகிறவரிடம் இது நன்றாகவே வேலை செய்யும். தமிழ் வட்டத்தில் நடப்பது இப்படி:

'அப்ப இயேசுவை நீங்க யாருன்னு சொல்றீங்கக்கா?'

'சாமிதான். யாரு இல்லேன்னா?'

வாதம் அங்கேயே படுத்துவிட்டது. நம்மிடம் நான்காவது பதிலும் ஐந்தாவது பதிலும் உண்டு. அவதாரம் என்பார்கள், சித்தர் என்பார்கள். வடலூர் வள்ளலார் 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், உடம்பே ஒளியாகிவிட்டது என்று நம்புகிறவர்களுக்கு இயேசுவின் வெறுங்கல்லறை பெரிய அதிசயமாகத் தெரியாது. 'அவரும் பெரிய மகான்தான்' என்று மரியாதையோடு சேர்த்துக்கொள்வார்கள். நடத்துநர் குரலை உயர்த்தி 'இல்ல, இவர் வேற' என்பார், ஏன் வேறு என்று சொல்ல வராது.

இந்த வாரத்துக்கு வேறு பாதை வேண்டும். சுவிசேஷமே அந்தப் பாதையைக் கொடுக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது, அவர் வறுத்த மீன் வாங்கிச் சாப்பிடுகிறார், அடிமைக்கும் கலகக்காரனுக்கும் கொடுக்கும் தண்டனையில் செத்தவர் அவர். உடம்பைக் கடந்த மகானின் கதையோடு இது சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும். 20 நிமிடப் பேச்சில் வாதத்தைக் குறைத்து லூக்கா 24-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்துவிட்டு, 'இதுல உங்களுக்கு எது இடிக்குது?' என்று கேட்டு விட்டுவிடுங்கள். யாருக்கு எது இடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் மிச்ச வாரங்களுக்கு அதுவே வரைபடம்.

இல்லாத பாடம்: திதி

ஆல்பா தனி ஆளோடு பேசுகிறது. நம் வீடுகளில் இப்படிப்பட்ட முடிவைத் தனி ஆள் எடுப்பதில்லை. இயேசுவைப் பற்றி எந்த மறுப்பும் இல்லாதவரும் கடைசியில் நின்றுபோகிற இடம் 'எங்கப்பாவுக்குத் திதி யாரு குடுப்பா?' என்பதுதான். கூடவே பொட்டு, தாலி, பொங்கல் படையல், தங்கச்சி கல்யாணத்தில் மணவறையில் நிற்கலாமா கூடாதா என்று வரிசையாக வரும். 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளினால் ஏமாற்றியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இறந்தவர்களை எப்படி நினைப்பது, பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமை எது, எதில் கலந்துகொள்ளலாம், எதில் மனசாட்சி இடம் தராது என்று ஒரு முழு வாரம் தேவை. ஏழாம் வாரத்துக்குப் பிறகு அதை வையுங்கள், முடிந்தால் வீட்டுப் பெரியவர்களையும் அன்றைக்கு அழையுங்கள். கத்தோலிக்கர் நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள் கொண்டாடுவதால் இந்த வாரத்தில் அவர்களுக்குப் பேசக் கைவசம் ஏதோ இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இதுதான் மிகக் கடினமான வாரம்.

வெளியே போகும் நாள்

கோர்ஸ் சொல்வது வார இறுதி. தமிழ்க் குழுவுக்கு இரவு தங்கல் வேண்டவே வேண்டாம். பெண்களை வீட்டில் விடமாட்டார்கள், விட்டாலும் அக்கம்பக்கத்தில் 'கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போறாங்க' என்று பேச்சு கிளம்பும். ஊருக்குள்ளேயே ஒரு ஞாயிறு, காலை 9 முதல் மாலை 4 வரை, நிகழ்ச்சி நிரலை அச்சடித்து ஒரு வாரம் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்றைய ஜெபத்தில் யாராவது அழுதாலோ உடம்பு நடுங்கினாலோ, பார்ப்பவர்களுக்குச் சட்டென்று தோன்றுவது 'சாமி வந்துருச்சு' என்பதுதான். மாரியம்மன் கோயிலில் பார்த்ததோடு வைத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு அது ஈர்ப்பு, சிலருக்கு மிரட்சி. என்ன நடக்கலாம், எது நடக்க வேண்டிய அவசியமில்லை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தலையில் கை வைப்பதற்கு முன் கேளுங்கள். பெண்களுக்குப் பெண்கள் ஜெபிக்கட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். போட்டோ ஒன்றுகூட வேண்டாம். மருமகள் கை உயர்த்தி நிற்கும் படம் சபையின் முகநூல் பக்கத்தில் ஏறி மாமியார் கண்ணில் பட்டால் அந்த வீட்டின் கதவு அதோடு அடைபடும்.

சாப்பாடு, தேதி, சட்டம்

24 பேருக்கு இரண்டரை கிலோ அரிசி கணக்கு. பிசிபேளே பாத், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், ஊறுகாய், அப்பளம் போதும். முழுக்கச் சைவமாகவே வைப்பது நல்லது. சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள், புரட்டாசி முழுக்க விடுகிறவர்கள், மாலை போட்டவர்கள் யாரும் சங்கடப்படாமல் ஒரே பந்தியில் உட்காரலாம். பிரியாணி போட்டுவிட்டு 'உங்களுக்குத் தனியா சாம்பார் சாதம் வெச்சிருக்கோம்' என்று ஓரமாகத் தட்டை நீட்டினால் முதல் நாளே இரண்டு பந்தியாகிவிடும்.

அந்தச் சாப்பாட்டுக்கே ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. கர்நாடகத்தின் 2022-ஆம் ஆண்டு மதச் சுதந்திர உரிமைப் பாதுகாப்புச் சட்டம், ஆசை காட்டி மதம் மாற்றுவதைக் குற்றமாக்குகிறது. பரிசு, பணமாகவோ பொருளாகவோ ஆதாயம், வேலை, இலவசக் கல்வி என்று அந்த 'ஆசை காட்டுதல்' விரிகிறது. மதம் மாற விரும்புகிறவரும் மாற்றி வைப்பவரும் 30 நாளுக்கு முன்பே மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை நீக்கப்போவதாக 2023 ஜூனில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த அறிவிப்பை நம்பி இருந்துவிடாமல், தொடங்கும் முன் இன்றைய நிலையை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோர்ஸ் நடத்துவது வேறு, மதமாற்றம் வேறு. ஆனாலும் இலவச விருந்து என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. ஆளுக்கு 50 ரூபாய் உண்டியலில் போடட்டும், அல்லது வீட்டுக்கு ஒரு பதார்த்தமாகக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடட்டும். இரண்டாவது வழியில் விருந்தினர் கையால் செய்ததைச் சபையார் சாப்பிடுகிறார்கள். சாதியைப் பற்றிப் பத்து பேச்சு பேசுவதைவிட அது மேல். அழைப்பில் 'கிறிஸ்தவ விசுவாசம் பற்றிய கலந்துரையாடல்' என்று வெளிப்படையாகப் போடுங்கள். 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்' என்று போட்டுக் கூப்பிடும் குழுக்களைக் கண்டால் தள்ளி நில்லுங்கள்.

தேதி பார்த்தே ஆக வேண்டும். ஜூனில் தொடங்கினால் ஆடி மாதம் குறுக்கே வரும். வீட்டுக்கு வீடு கூழ் ஊற்றும்போது யாரும் வரமாட்டார்கள். செப்டம்பரில் தொடங்கினால் புரட்டாசி, நவராத்திரி, தீபாவளி, அப்புறம் ஐயப்ப சீசன் என்று வரிசையாகத் தட்டும். பொங்கல் முடிந்து ஜனவரி மூன்றாம் வாரம் ஆரம்பித்தால், பிள்ளைகளின் லீவுக்கு ஊருக்குக் கிளம்பும் முன் 11 வாரமும் முடியும். நேரம் ஞாயிறு மாலை 6 மணி. வேலை நாள் மாலையில் மாரத்தஹள்ளியிலிருந்து ஃப்ரேசர் டவுனுக்கு ஒருவர் 7 மணிக்கு வந்து சேர்வார் என்று எதிர்பார்ப்பது விசுவாசத்திலும் பெரிய விசுவாசம்.

வேறு வழிகள்

மாற்கு நற்செய்தியை மட்டும் வைத்து நடத்தும் கிறிஸ்டியானிட்டி எக்ஸ்ப்ளோர்ட் ஆல்பாவைவிடச் சுருக்கமானது. விருந்தினர் முன்னால் நேரடியாக நற்செய்திப் பகுதி இருப்பதால், லண்டன் உதாரணங்களின் தொல்லை குறைவு. வினைக் கணக்குக்காரருக்கும் ஐ.டி. ஆட்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, எதற்குள் நுழைகிறோம் என்று நிதானமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கத்தோலிக்கப் பங்குகளில் பெரியவர்களுக்கென்று நடக்கும் புகுமுக வகுப்பை விசாரிக்கலாம். அது பல மாதம் போகும், ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வழிபாட்டில்தான் முடியும். அவசரப்படுத்தமாட்டார்கள்.

ஆல்பாவுக்கே போவதாக இருந்தால், சேரும் முன் நடத்துநரிடம் மூன்றைக் கேளுங்கள்: வட்டத்தில் எத்தனை பேர், போதகர் உட்காருவாரா, பிற மதங்களைப் பற்றிய பேச்சு எந்த வாரம்? மூன்றாவதற்கு 'அது இந்தக் கோர்ஸ்ல இல்லைங்க' என்று பதில் வந்தால், எந்த வாரம் சேர்க்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.